மற்போரும் மகளிர் கல்லூரியும்

மற்போர் நமக்குப் புதிதன்று. பல்லவ வேந்தன் நரசிம்மவர்மன் 'மாமல்லன்' என்னும் பெயரைப் பெருமையோடு சூடினான். மாமல்லபுரம் இன்றும் அப்பெயரால் விளங்குகின்றது. ஆமூர் மல்லனைப் பொருது வென்ற போரவைக்கோப் பெருநற்கிள்ளியைப் புறநானூறு போற்றுகின்றது. அவனைப் பாடியவருள் நக்கண்ணையார் என்னும் பெண்பாற் புலவரும் ஒருவர். ஆயினும் களம் புகுந்தவன் ஆண்மகனே. பெண் நின்று கண்டு பாடினாள். இவ்வெல்லைக்கோடு அழியப் பல நூற்றாண்டுகள் ஆயின.

நாம் குடியேறி வாழும் ஐதராபாத்திலும் பழைய நகரத்துத் தாலீம்கள் பெயர் பெற்றவை. உஸ்தாதின் கண்காணிப்பில் மண்ணிற் புரண்டு பயிலும் அவ்விடங்கள் நெடுங்காலம் ஆடவர்க்கே உரியனவாய் இருந்தன. அங்ஙனமாயின் பெண் எங்கே கற்பது?

இவ்வினாவைத் தம் தோள்வலியால் எழுப்பியவர் ஹமீதா பானு. மிர்சாப்பூரில் பிறந்த அவர் அலிகாரில் சலாம் பயில்வானிடம் பயின்றார். தம்மை வெல்லும் ஆடவரை மணப்பதாக 1954-இல் அறைகூவினார். அவ்வாண்டு மே மாதம் பரோடாவில் பாபா பயில்வானை 1 நிமிடம் 34 நொடியில் வீழ்த்தினார். புனாவிலோ, ஆண் மல்லரோடு அவர் பொருவதை உள்ளூர் மற்போர்ச் சங்கம் எதிர்த்தது. புகழ் இருந்தும் அவரைத் தாங்கக் கல்லூரி இல்லை, உத்தியோகமும் இல்லை. கல்யாண் நகரில் பாலும் தின்பண்டமும் விற்றுக் காலங்கழித்து 1986-இல் மறைந்தார். தனியொருத்தியின் வலிமை அவளோடு முடிந்துவிடும். நிலையமோ அடுத்தவளுக்கும் வழி திறக்கும். இதனாலன்றோ கல்லூரி வேண்டும் என்கிறோம்!

மேனாட்டிலும் வழி எளிதாக அமையவில்லை. மகளிர்க்கான உலக மற்போர்ப் போட்டி 1987-இல் நார்வேயில் தொடங்கிற்று. ஒலிம்பிக்கில் 2004-இல்தான் இடம் கிடைத்தது. அமெரிக்காவில் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தின் மோரிஸ் கல்லூரி 1993-இல் மகளிர் அணி அமைத்தது. 40 கல்லூரிகளேனும் அணி வைத்தாலன்றித் தேசியக் கல்லூரி விளையாட்டுக் கழகம் தனிப்போட்டி நடத்தாது. அவ்வங்கீகாரம் 2025 ஜனவரியில் கிடைத்தது. 32 ஆண்டுகள்!

நம் நாட்டில் 1970-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற மாஸ்டர் சந்த்கி ராம், பழிச்சொற்களைப் பொருட்படுத்தாது தில்லியில் தம் புதல்வியர்க்கே மற்போர் கற்பித்தார். அவர் மாணாக்கர் மகாவீர் சிங் போகாட் அரியானாக் கிராமம் ஒன்றில் அவ்வாறே செய்தார். அவர் மகள் கீதா 2010-இல் காமன்வெல்த் தங்கம் பெற்றார். 2016-இல் ரியோவில் வெண்கலம் வென்ற சாக்ஷி மாலிக் அப்போது இரயில்வே ஊழியர் என்பது நம்மனோர்க்குத் தனி உவகை. விளையாட்டினால் உத்தியோகமும் உண்டு எனக் கண்டபின் பெற்றோர் பலரின் தயக்கம் தளர்ந்தது.

எனினும் கல்லூரிகளில் இடர்ப்பாடுகள் உள. எடைப்பிரிவுதோறும் இணையான பயிற்சித் துணை வேண்டும். இரண்டு மூன்று பெண்களைக் கொண்டு அணி அமையாது. நல்ல விரிப்பும் பெண் பயிற்சியாளரும் வேண்டும். எல்லாவற்றினும் மேலாக நம்பிக்கை வேண்டும். 2023-இல் வீராங்கனையர் தில்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்து, சம்மேளனத் தலைவர்மீது பாலியல் துன்புறுத்தல் குற்றஞ்சாட்டினர். பதக்கம் வென்றவர்க்கே அந்நிலை எனின், நேற்றுச் சேர்ந்த மாணவியின் நிலை யாது? முறையிட்டால் செவிசாய்க்கும் குழு ஒன்று கல்லூரிதோறும் உண்மையாகவே இயங்குதல் வேண்டும்.

நம் குடியிருப்பில் பெண்மக்களுக்கு இசையும் நடனமும் பயிற்றுகின்றோம், நன்று. அவர்களுள் ஒருத்தி மற்போர் விரிப்பில் நிற்க விரும்பினால், "கைகால் முறிந்தால் யார் கட்டிக்கொள்வார்?" என்னும் கேள்வியை முதலிற் கேளாதிருப்போம். பயிற்சியாளர் யார், பாதுகாப்பு எத்தகையது என்று கேட்போம். தக்க விடை கிடைத்தால் விடையளித்து அனுப்புவோம். நக்கண்ணையார் நின்று கண்ட களத்தில் நம் மகளிர் இறங்கட்டும். வாழ்க தமிழ்!