நீண்டகாலக் கொவிட்டின் கடுமையை அளத்தல்: அளவுகோல்களின் வரலாறும் கண்டி மலைச்சரிவும்

நீண்டகாலக் கொவிட்டை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனை எதுவும் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021 ஒக்டோபரில் வெளியிட்ட வரையறையின்படி, அறிகுறிகள் பொதுவாகத் தொற்று ஏற்பட்டு 3 மாதம் கழிந்தும் காணப்பட வேண்டும். குறைந்தது 2 மாதம் நீடித்திருக்க வேண்டும். வேறு நோயால் அவற்றை விளக்க முடியாதிருக்க வேண்டும். நோய் இருக்கிறதா என்பதற்கு இது விடை தரும். எவ்வளவு கடுமை என்பதற்கு வைத்தியர்கள் கையிலெடுத்த அளவுகோல்களோ பெரும்பாலும் வேறு நோய்களுக்காக, வேறு நாடுகளில் உருவானவை.

மூச்சுத்திணறலை 0 முதல் 4 வரை தரம்பிரிக்கும் அளவுகோல் இவற்றுள் மூத்தது. தென் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல் நோயை ஆராய்ந்த சார்ல்ஸ் பிளெச்சர் 1940களில் இதற்கு அடித்தளமிட்டார். சிறு ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் தரம் 1, சமதரையில் ஒத்த வயதினரைவிட மெதுவாக நடந்தால் தரம் 2, சுமார் 100 மீற்றரில் நின்றுவிட்டால் தரம் 3. இந்தப் படிகள் எல்லாம் சமதரை என்ற ஒன்றை அடிப்படையாக எடுத்துக்கொள்கின்றன. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில், 1807 அளவில் வெட்டப்பட்ட ஏரியைச் சுற்றியுள்ள பாதையை விட்டால் நீண்ட சமதரை அரிது. ஹந்தானைச் சரிவிலோ மகியாவையிலோ குடியிருப்பவர் கடைக்குப் போய்வரவே படியேற வேண்டும். அவரிடம் சமதரையில் எப்படி நடக்கிறீர்கள் என்று கேட்டுப் பெறும் விடை ஊகமாகவே இருக்கும். தரம் 1க்கும் 2க்கும் இடையிலுள்ள கோடு அங்கே மங்கிவிடுகிறது.

6 நிமிட நடைப் பரிசோதனையின் வேர் படைமுகாமில் இருக்கிறது. அமெரிக்க விமானப்படையினரின் உடல்தகுதியை அறிய கெனத் கூப்பர் 1968இல் 12 நிமிட ஓட்டத்தை அறிமுகப்படுத்தினார். 1976இல் அது நாட்பட்ட மார்புச்சளி நோயாளருக்கான நடையாக மாறியது. 1982இல் 6 நிமிடமாகச் சுருங்கியது. 30 மீற்றர் நீள நடைகூடம் போதும் என்பதால் பெரிய வைத்தியசாலைகளுக்கு இது எளிது. ஆனால் அந்த 6 நிமிடத்துக்குப் பின் வரும் இரண்டு நாட்களை இது பார்ப்பதில்லை. சிறு உழைப்புக்குப் பிறகு, சில மணி நேரமோ ஒரு நாளோ கழித்து உடல் சரிந்துபோவது இந்த நோயின் முக்கிய இயல்புகளில் ஒன்று. நன்றாக நடந்து முடித்தவர் மறுநாள் படுக்கையில் கிடக்கலாம்.

2020இல் கொவிட்டுக்கென்றே அளவுகோல்கள் வரத் தொடங்கின. நெதர்லாந்தின் லைடனிலிருந்து வந்த செயல்நிலை அளவுகோல், இரத்தக்கட்டு நோயாளருக்கு வகுத்திருந்ததன் திருத்திய வடிவம். இங்கிலாந்தின் லீட்ஸில் உருவான யோர்க்‌ஷயர் அளவுகோல் ஒரு படி முன்னேறி, நோய்க்கு முன்பிருந்த நிலையையும் இன்றைய நிலையையும் அருகருகே கேட்டது. அமெரிக்காவின் ரிகவர் ஆய்வு 9,764 பேரைக் கொண்டு 2023 மே மாதம் 12 அறிகுறிகளுக்குப் புள்ளிகள் வழங்கியது. மணமோ சுவையோ இழந்தால் 8, உழைப்புக்குப் பிந்திய சரிவுக்கு 7, களைப்புக்கு 1 மட்டுமே. தொற்றியவரையும் தொற்றாதவரையும் பிரித்தறிய எந்த அறிகுறி உதவுகிறது என்பதே அந்தப் புள்ளிகளின் அடிப்படை. அவற்றைக் கூட்டி வேதனையின் அளவாகக் கொள்வது தவறு.

எதைக்கொண்டு அளப்பது என்பதோடு, யாரை அளப்பது என்ற கேள்வியும் உண்டு. கண்டி மாவட்டத்தில் 2020 மார்ச் இறுதியில் தொற்று காரணமாக அக்குறணை தனிமைப்படுத்தப்பட்டது. 2021 ஒகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை டெல்டா அலையால் நாடே முடங்கியது. அக்காலத்தில் பலர் வீட்டிலேயே குணமடைந்தனர். பரிசோதனையே செய்யாதவர்களும் இருந்தனர். எனவே வைத்தியசாலைப் பதிவை மட்டும் நம்பித் தொடங்கும் அளவீடு, இலேசாக நோயுற்றுப் பின்னர் நீண்ட காலம் வருந்துவோரைத் தவறவிடும்.

யோர்க்‌ஷயர் அளவுகோல் கேட்கும் நோய்க்கு முந்திய நிலையை நினைவிலிருந்து சொல்வது கடினம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டது முதல் தேயிலைத் தோட்டமாகிவிட்ட இம்மலைகளில், அந்நிலைக்கு எழுத்துச் சான்று இருக்கிறது. கொழுந்து பறிப்பவரின் நாளாந்த நிறை கிலோக் கணக்கில் பதிவாகிறது; குறித்த நிறை எட்டாவிட்டால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழுகிறது. தொற்றுக்கு முந்திய மாதங்களையும் பிந்திய மாதங்களையும் ஒப்பிட்டால், வினாக்கொத்து தராத தகவல் கிடைக்கும். ஆனாலும் அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கொழுந்தின் அளவு பருவத்தோடு ஏறி இறங்கும். நாட்சம்பளம் 1,000 ரூபாவென 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்தபின், பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய நிறை கூட்டப்பட்டதாகத் தொழிற்சங்கங்கள் முறையிட்டன. அரைப்பேர் அனைத்தையும் நோயின் கணக்கில் எழுதக்கூடாது. ஒரு நாளின் நிறையைவிட, வாரத்தில் எத்தனை நாள் மலைக்குப் போக முடிந்தது என்பதே கூடுதல் நம்பகமானது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2010ஆம் ஆண்டு இயலாமை மதிப்பீட்டுப் பட்டியலும் இத்தகைய கேள்வியையே கேட்கிறது: கடந்த 30 நாட்களில் எத்தனை நாள் வழமையான வேலை முற்றாக நின்றது, எத்தனை நாள் குறைந்தது? சமதரையும் நடைகூடமும் அதற்குத் தேவையில்லை. கண்டியின் சரிவுகளுக்கு, இருக்கும் கேள்விகளுள் மிகப் பொருந்துவது இதுவே.