நாஸ்ட்ரான் கதை: வருஷா வருஷம் எதற்குப் பணம் கட்டுகிறோம்?

புனேயில் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு மார்ச் மாதம் வந்தால் இரண்டு கவலை. ஒன்று வருமான வரி, இன்னொன்று லைசென்ஸ் ரென்யூவல். பட்ஜெட் கூட்டத்தில் கணக்குப் பிரிவுக்காரர் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார். "சாஃப்ட்வேரை ஒரு தடவை வாங்கியாச்சே சார், அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் ஏ.எம்.சி.?" நியாயமான கேள்விதான். பதில் சொல்ல அறுபது வருஷம் பின்னால் போக வேண்டும். அங்கே போக அவருக்கு நேரமில்லை, உங்களுக்கு இருக்கும் என்று நம்பி எழுதுகிறேன் :-)

இத்துறைக்குப் புதியவர்களுக்கு ஒரு வரி அறிமுகம். ஒரு கார் சேஸிஸோ விமான இறக்கையோ எவ்வளவு பாரம் தாங்கும் என்று கண்டுபிடிக்க, அதைக் கணினியில் ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் சமன்பாடு எழுதி, எல்லாவற்றையும் சேர்த்துத் தீர்ப்பார்கள். இந்த வேலையைச் செய்யும் மென்பொருட்களில் மூத்த குடும்பங்களில் ஒன்று நாஸ்ட்ரான். 'நாசா ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ்' என்பதன் சுருக்கம்.

பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், இது அரசாங்கச் சொத்து. 1964-ல் நாசா தன் ஆய்வு மையங்களின் வேலையைப் பரிசீலித்தபோது, ஒவ்வொரு மையமும் இதே கணக்குக்குத் தனித்தனியாகப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தது தெரியவந்தது. எல்லோருக்கும் பொதுவாக ஒன்று போதும் என்று முடிவெடுத்தார்கள். கம்ப்யூட்டர் சயின்சஸ் கார்ப்பரேஷன் தலைமையில் வேலை நடந்தது. அந்தக் கூட்டணியில் ஒரு சின்னக் கம்பெனியும் இருந்தது. ரிச்சர்ட் மெக்நீல், ராபர்ட் ஷ்வெண்ட்லர் என்ற இருவர் 1963-ல் தொடங்கிய மெக்நீல்-ஷ்வெண்ட்லர் கார்ப்பரேஷன், சுருக்கமாக எம்.எஸ்.சி.

1968-ல் நாசாவுக்குள் நாஸ்ட்ரான் ஓட ஆரம்பித்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் பொதுமக்களுக்கும் வந்தது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் நாசா வைத்திருந்த 'காஸ்மிக்' என்ற மென்பொருள் விநியோக மையத்துக்குக் கட்டணம் கட்டினால் மூலநிரலே கிடைக்கும். வரிப்பணத்தில் எழுதியது, எல்லோருக்கும் கிடைக்கிறது. கதை இங்கேயே சுபமாக முடிந்திருக்க வேண்டும் இல்லையா?

முடியவில்லை. ஏன் என்பதுதான் விஷயம்.

மூலநிரல் காந்த நாடாவில் வந்து இறங்கும், சரி. அதை உங்கள் ஊர் ஐபிஎம், சிடிசி, யுனிவாக் இயந்திரத்தில் ஓட வைப்பது யார்? ஒரு வகைத் துண்டு தப்பான விடை தந்தால் கண்டுபிடிப்பது யார்? வேர்ட் பிராசசர் கெட்டால் திரையிலேயே தெரிந்துவிடும். இந்த வகை மென்பொருள் தப்பு செய்தால் தெரியாது. அழகான வண்ணப்படம் வரும், எண்ணும் வரும், எண் மட்டும் தப்பாக இருக்கும். அதை நம்பி ஒருவர் வரைபடத்தில் கையெழுத்துப் போடுவார். அந்த இறக்கைக்குக் கீழே மனிதர்கள் உட்கார்ந்து பறப்பார்கள்.

எம்.எஸ்.சி. பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். 1971-லிருந்து தன் சொந்த நாஸ்ட்ரானை விற்க ஆரம்பித்தது. புதுத் துண்டு வகைகள், பிழைதிருத்தம், புது இயந்திரங்களுக்கான வடிவம், கூப்பிட்டால் பதில் சொல்ல ஆள். விதை அரசாங்கத்துடையது, தண்ணீர் ஊற்றியது இவர்கள். யூனிவர்சல் அனலிட்டிக்ஸ், சீசார் என்று இன்னும் இரண்டு சின்னக் கம்பெனிகளும் அதே விதையிலிருந்து தங்கள் மரத்தை வளர்த்தன. ஒருவர் விலையை ஏற்றினால் இன்னொருவரிடம் போகலாம் என்ற நிலை.

இங்கே ஒரு நுட்பம். நாஸ்ட்ரானுக்குக் கொடுக்கும் உள்ளீடு துளையட்டைக் காலத்து வழக்கப்படி இருக்கும். ஒரு வரிக்கு 80 எழுத்து, எட்டெட்டு எழுத்தாகப் பத்துக் கட்டம். இன்றைக்கும் எங்கள் ஆபீசில் அந்த வரியை 'கார்டு' என்றுதான் சொல்கிறோம், துளையட்டையைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகளும் கூட. விமானக் கம்பெனிகள் பல வருஷ மாடல்களை இந்த வடிவத்தில் சேர்த்து வைத்திருக்கின்றன. அவர்களுக்குப் பாகம் செய்து கொடுப்பவர்களும் அதே வடிவத்தில்தான் கொடுத்தாக வேண்டும். எனவே வேறு குடும்பத்து மென்பொருள் எவ்வளவு மலிவாக வந்தாலும் சுலபமாக மாற முடியாது. பூட்டு நிரலில் இல்லை. நம் பழைய கோப்புகளிலும் பழக்கத்திலும் இருக்கிறது.

1999-ல் எம்.எஸ்.சி. அந்த இரண்டு சின்னக் கம்பெனிகளையும் வாங்கிவிட்டது. ஒரே வருஷத்தில் மூன்று கடை ஒரு கடையாயிற்று. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2001 அக்டோபரில் வழக்குப் போட்டது. மேம்பட்ட நாஸ்ட்ரான் சந்தையில் போட்டி செத்துவிட்டது, விலை ஏறும், புது முயற்சி குறையும் என்பது குற்றச்சாட்டு. 2002-ல் சமரசம் ஆனது. கம்பெனியை உடைக்கச் சொல்லவில்லை. தன் நாஸ்ட்ரானின் அப்போதைய மூலநிரலை அப்படியே பிரதி எடுத்து, ராயல்டி இல்லாமல், காலவரம்பு இல்லாமல் வெளியாருக்கு லைசென்ஸ் கொடுக்க வேண்டும் என்பதே ஏற்பாடு.

அந்தப் பிரதியை வாங்கியது இ.டி.எஸ். கம்பெனியின் யூஜிஎஸ் பிரிவு. 2003-ல் என்எக்ஸ் நாஸ்ட்ரான் என்று சந்தைக்கு வந்தது. 2007-ல் யூஜிஎஸ்ஸை சீமென்ஸ் வாங்கியது, 2017-ல் எம்.எஸ்.சி.யை ஹெக்சகான் வாங்கியது. ஒரு தாய் வயிற்றில் பிறந்த இரட்டையர் இரண்டு வீட்டில் தத்துப்பிள்ளையாக வளர்கிறார்கள்.

கம்பெனி கைமாறுவது நமக்கு என்ன என்று கேட்கலாம். நான் முன்பு வேலை பார்த்த ஒரு சின்ன இடத்தில் வேறு ஒரு மென்பொருள் 'நிரந்தர' லைசென்ஸில் இருந்தது. விற்ற கம்பெனி கைமாறியது. புது முதலாளி இங்கிருந்த ஏஜெண்டின் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார். அதுவரை எந்தக் கேள்விக்கும் அன்று மாலைக்குள் பதில் சொல்லிக்கொண்டிருந்த பெங்களூர் சப்போர்ட் பையனின் நம்பர் செத்துப்போனது. கொஞ்ச நாளில் எங்கள் சர்வரின் மதர்போர்டும் செத்தது. லைசென்ஸ் அந்தப் பெட்டியின் நெட்வொர்க் கார்டு எண்ணோடு கட்டப்பட்டது. புதுப் பெட்டிக்குச் சாவி கேட்டால், பராமரிப்பு நிலுவையை முழுக்கக் கட்டினால்தான் பேச்சு என்று மின்னஞ்சல் வந்தது. ஒரு வாடிக்கையாளரின் வேலையை அந்த மாதம் வெளியே கூலிக்குக் கொடுத்து முடித்தோம். நிரந்தரம் என்பது மதர்போர்டின் ஆயுள்தான் என்று அன்று புரிந்தது.

இந்தியாவில் இதை வேறு விதத்தில் யோசித்தவர்கள் உண்டு. திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் ஃபீஸ்ட் என்ற தன் சொந்த மென்பொருளை வளர்த்து வைத்திருக்கிறது. 1998 பொக்ரான் சோதனைக்குப் பிறகு இஸ்ரோ அமைப்புகள் அமெரிக்கக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருந்ததையும், 2011 ஜனவரியில்தான் அதிலிருந்து நீக்கப்பட்டதையும் நினைத்தால் அந்த உழைப்பின் அருமை தெரியும். ரென்யூவல் பணம் கையில் இருந்தும் விற்க மாட்டேன் என்று ஒருவன் சொல்லிவிட்டால் என்ன செய்வது?

நாசா 2015-ல் நாஸ்ட்ரான்-95 மூலநிரலைத் திறமூலமாகவே வெளியிட்டது. இன்று இரவே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆனாலும் நான் வேலை பார்த்த எந்த இடத்திலும் அதை நம்பி யாரும் வரைபடத்தில் கையெழுத்துப் போட்டதில்லை. காரணம் முதலில் சொன்னதுதான். கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

ஆக, நாம் கட்டும் பணத்தில் ஒரு பங்கு பதில் சொல்லும் ஆளுக்கு. அது நியாயமான கூலி. இன்னொரு பங்கு நம்மால் வேறிடம் போக முடியாது என்பதற்கான அபராதம். இரண்டும் ஒரே இன்வாய்ஸில் ஒரே வரியில் வருவதால்தான் குழப்பம். 2025-ல் ஆல்டேரை சீமென்ஸும், ஆன்சிஸை சினாப்சிஸும் வாங்கி முடித்தன. ஹெக்சகானின் இந்தப் பிரிவை வாங்கப்போவதாக கேடன்ஸும் அதே வருஷம் அறிவித்தது. கடைகள் குறையக் குறைய இரண்டாவது பங்குதான் வளரும்.

எனவே அடுத்த முறை கையெழுத்துப் போடும்முன் மூன்று கேள்வி கேளுங்கள். பெட்டி செத்தால் சாவியை மாற்ற என்ன செலவு? என் மாடலை எல்லோரும் படிக்கும் எழுத்துக் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா? கம்பெனி கைமாறினால் யார் போனை எடுப்பார்? பதிலை வாய்மொழியாக வாங்காதீர்கள், ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

பி.கு: துளையட்டைக் காலத்தில் நாஸ்ட்ரான் ஓட்டிய மூத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அட்டைக்கட்டு கைதவறிச் சிதறிய கதைகளை அவசியம் எழுதுங்கள்.