பேராதனை இரும்புப் பாலமும் மலையக வரலாறும்

பாலத்தை ஆற்றைக் கடக்கும் வழியாக மட்டும் நோக்குதல் வரலாற்று மாணவனுக்குப் போதாது. எப்பொருளை எவருக்காகக் கொண்டுசெல்ல அது எழுந்தது என்பதே முதல் வினாவாகும். பேராதனையில் மகாவலி கங்கையின் குறுக்கே அமைந்த புகையிரத இரும்புப் பாலமும் அவ்வாறே ஆராயத்தக்கது.

ஹற்றன் ஓயா, கொத்மலை ஓயா ஆகியவற்றின் நீருடன் மலைநாட்டிலிருந்து இறங்கிவரும் மகாவலியைப் பேராதனையில் கடப்பதற்கு ஆங்கிலேயர் 1833 இல் முதிரை மரத்தால் ஒரு பாலம் அமைத்தனர். 205 அடி அகலத்தை ஒரே வளைவாகத் தாண்டிய அப்பாலம் 1905 வரை நிலைத்தது. ஆயின் கோப்பிச் செய்கை பெருகப் பெருக, மாட்டு வண்டிப் போக்குவரத்துத் தோட்டத்துரைமாருக்குப் போதவில்லை. அவர்கள் கோரிய இருப்புப் பாதையின் வேலை 1858 இல் தொடங்கியது. 1863 இல் ஒப்பந்தத்தைப் பெற்ற ஃபேவியல், பொறியியலாளர் மோல்ஸ்வேர்த் ஆகியோரின் காலத்தில் அது முன்னேறி, 1867 இல் மகாவலியைக் கடந்து கண்டியை அடைந்தது.

அக்கோப்பியை விளைவித்தோர் மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்குக் கால்நடையாக வந்த தமிழகத் தொழிலாளராவர். நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். 1880 இல் மாத்தளைக்கும் இருப்புப் பாதை எட்டியது. அதன்பின் மாத்தளையிலிருந்து புகையிரதத்தில் மேல்மலைப் பகுதிகளுக்குச் செல்வோர் இப்பாலத்தைக் கடந்தே செல்லவேண்டியிருந்தது.

பாதை கண்டியை அடைந்த அதே 1867 இல், லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்பது ஈண்டு நோக்கற்பாலது. 1869 இல் கோப்பியைப் பற்றிய இலைநோய் அப்பயிரையே படிப்படியாக அழித்தது. எனவே பேராதனையில் பிரிந்து 1874 இல் நாவலப்பிட்டியையும், 1884 இல் ஹற்றனையும், 1885 இல் நானுஓயாவையும் எட்டிய பாதைக்குச் சரக்களித்து வாழ்வித்தது தேயிலையே. பயிர் மாறியது, பயிரிட்டோரின் நிலை மாறவில்லை.

பாதை அமைத்தோரின் பெயர்களை ஏடுகள் பேணியுள்ளன. அதன் சரக்கை விளைவித்தோர் பெயரற்றுப் போயினர். அவர்தம் வழித்தோன்றல்களிற் பெரும்பாலோர் 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறியது. கண்டிப் பாதைக்கு 9 ஆண்டுகள் போதின. இந்நீதிக்கு 55 ஆண்டுகள் சென்றன. இப்பாலத்தின் வரலாறு இரும்பின் வரலாறாக மட்டும் எழுதப்படின் அது பாதி வரலாறேயாகும்.