மேசைக் கணினி வன்தட்டு: நம்பகமும் தேர்வும்

வழக்கில் ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டு, மின்சாரம் நின்ற பிறகும் தரவுகளைக் காந்தப் பதிவாக வைத்திருக்கும் சேமிப்புக் கருவி. மேசைக் கணினியின் உள்ளே பொருத்தப்படுவது 3.5 அங்குல வகை. சாட்டா கேபிள் ஒன்று அதைத் தாய்ப்பலகையுடனும், இன்னொன்று மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுடனும் இணைக்கிறது. கணினியின் மற்ற உறுப்புகள் கெட்டால் புதிது வாங்கி மாட்டிவிடலாம். வன்தட்டு கெட்டால் அதிலிருந்த கணக்குகளும் படங்களும் சேர்ந்தே போகும். அதனால் இதை வாங்கும்போது வேகத்தையும் விலையையும்விட நம்பகத்தன்மையே முதலில் பார்க்கப்படுகிறது. அந்த நம்பகத்தன்மை மாடலுக்கு மாடல் மாறுகிறது. ஒரே நிறுவனம் ஒரே காலத்தில் மிக நல்ல தட்டையும் மிக மோசமான தட்டையும் விற்றிருக்கிறது.

அமைப்பு

உலோக உறைக்குள் அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ ஆன தட்டுகள் ஒரே அச்சில் அடுக்கப்பட்டு, நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. தட்டின் ஒவ்வொரு பரப்புக்கும் ஒரு படிப்பு-எழுத்து முனை உண்டு. முனை தட்டைத் தொடுவதில்லை. சுழற்சி எழுப்பும் காற்றுப் படலத்தின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. புகைத்துகள் ஒன்று அந்த இடைவெளியைவிடப் பல மடங்கு பெரியது. உறைக்கு உள்ளும் புறமும் காற்றழுத்தம் சமமாக இருக்க, வடிகட்டி வைத்த சிறு துளை ஒன்று விடப்பட்டிருக்கும். அதை மூடக் கூடாது என்று உறையின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். கொள்ளளவு மிகுந்த தட்டுகளில் காற்றுக்குப் பதில் ஹீலியம் அடைத்து முற்றிலும் மூடிவிடுகிறார்கள்.

பழுது பல இடங்களிலிருந்து வரும். முனை அடிபட்டால் தட்டு டக் டக் என்று சீராக ஒலித்தபடி கணினிக்குத் தென்படாமல் போகும். அடிப்பக்கத்து மின்பலகை கருகலாம். தட்டை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேர் குழம்பலாம். பரப்பின் சில செக்டர்கள் மெல்ல மெல்லப் படிக்க முடியாதவை ஆகலாம். இவற்றில் முன்கூட்டியே அறிகுறி காட்டுவது பெரும்பாலும் கடைசி வகை மட்டுமே.

வரலாறு

முதல் வன்தட்டு, ஐ.பி.எம். நிறுவனம் 1956இல் அறிமுகப்படுத்திய ராமாக் 305 கணினியின் பகுதியான 350 சேமிப்பகம். கலிபோர்னியாவின் சான் ஹொசே நகரில் ரெனால்ட் ஜான்சன் தலைமையிலான குழு இதை உருவாக்கியது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் அதில் இருந்தன. கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்றைய கணக்கில் 4 மெகாபைட்டுக்கும் குறைவு. முனை தட்டில் உரசாதிருக்க, கம்ப்ரஸர் வைத்து அழுத்தக் காற்றைச் செலுத்த வேண்டியிருந்தது. 1961இல் வந்த 1301 மாடலில்தான் தட்டின் சுழற்சியே முனையை மிதக்கவைத்தது. 1973இல் வந்த 3340 மாடல், 'வின்செஸ்டர்' என்ற செல்லப் பெயரால் அறியப்பட்டது. தட்டையும் முனையையும் சேர்த்து ஒரே உறைக்குள் அடைத்த இந்த அமைப்பால் தூசிப் பிரச்சினை பெருமளவு நீங்கியது. இன்றைய வன்தட்டுகள் அனைத்தும் அதன் வழிவந்தவை.

அலன் ஷுகார்ட், ஃபினிஸ் கானர் முதலியோர் 1979இல் தொடங்கிப் பின்னர் சீகேட் என்று பெயர் மாறிய நிறுவனம், 1980இல் எஸ்.டி.-506 என்ற 5.25 அங்குலத் தட்டை வெளியிட்டது. அதன் கொள்ளளவு 5 மெகாபைட். 1983இல் ஐ.பி.எம். பி.சி. எக்ஸ்.டி. கணினி 10 மெகாபைட் வன்தட்டுடன் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு ஸ்காட்லாந்தின் ரோடைம் நிறுவனம் 3.5 அங்குல அளவைக் கொண்டுவந்தது. அந்த அளவே இன்றுவரை மேசைக் கணினியின் அளவு.

அடுத்த முப்பது ஆண்டுகளில் ஏராளமான நிறுவனங்கள் இத்தொழிலுக்கு வந்து மறைந்தன. கானர் நிறுவனம் 1996இல் சீகேட்டுடன் இணைந்தது. குவாண்டத்தின் வன்தட்டுப் பிரிவை 2001இல் மேக்ஸ்டர் எடுத்துக்கொண்டது; மேக்ஸ்டரை 2006இல் சீகேட் வாங்கியது. ஃபுஜிட்சுவின் பிரிவு 2009இல் டோஷிபாவுக்கும், சாம்சங்கின் பிரிவு 2011இல் சீகேட்டுக்கும் போயின. ஐ.பி.எம்.மின் வன்தட்டுத் தொழில் 2003 தொடக்கத்தில் ஹிட்டாச்சியின் கைக்கு வந்தது. ஹிட்டாச்சியின் பிரிவை 2012இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கியது. போட்டி குறையக் கூடாது என்ற ஒழுங்குமுறை நிபந்தனைக்கு இணங்கி, 3.5 அங்குலத் தட்டு தயாரிக்கும் கருவிகளில் ஒரு பகுதியை வெஸ்டர்ன் டிஜிட்டல் டோஷிபாவுக்குக் கொடுத்தது. அதன் பிறகு டோஷிபா பெயரில் கடைக்கு வந்த டி.டி.01 வரிசை, உண்மையில் ஹிட்டாச்சியின் வடிவமைப்பு. இவ்வளவு கைமாறிய பிறகும் 'எங்கள் வீட்டில் எப்போதும் இந்தக் கம்பெனிதான்' என்று சொல்லி வாங்குவோர் உண்டு. உறையில் ஒட்டிய பெயர் அவர்களுக்குச் சொல்வது மிகக் குறைவு.

பேர்போன பழுதுகள்

2000ஆம் ஆண்டில் ஐ.பி.எம். வெளியிட்ட டெஸ்க்ஸ்டார் 75ஜி.எக்ஸ்.பி., அக்காலத்தில் வேகத்துக்காகப் புகழப்பட்டது. ஓரிரு ஆண்டுகளில் அவை கூட்டம் கூட்டமாகச் செயலிழந்தன. பயனர்கள் 'டெத்ஸ்டார்' என்று பெயர் மாற்றி அழைத்தார்கள். 2001இல் அமெரிக்காவில் வழக்கும் தொடரப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் ஃபுஜிட்சுவின் எம்.பி.ஜி. வரிசையும் வீழ்ந்தது. அங்கே தட்டிலோ முனையிலோ கோளாறு இல்லை. மின்பலகையின் கட்டுப்பாட்டுச் சிப்பைச் சுற்றிய பிசின் உறையில், தீப்பற்றாதிருக்கச் சிவப்புப் பாஸ்பரஸ் சேர்த்திருந்தார்கள். வெப்பத்திலும் ஈரத்திலும் அது சிப்பின் கால்களுக்கிடையே மின்கசிவை உண்டாக்கியது. வெளியிலிருந்து வாங்கிய ஒரு மூலப்பொருள் ஒரு வரிசை முழுவதையும் கெடுத்ததற்கு இது நல்ல உதாரணம்.

சீகேட்டின் பாரகுடா 7200.11 வரிசையில் 2009 ஜனவரியில் வெளிப்பட்டது முழுக்க ஃபர்ம்வேர் கோளாறு. முந்தைய நாள் நன்றாக ஓடிய தட்டு, கணினியைப் போட்டதும் காணாமற் போனது, அல்லது கொள்ளளவு சுழியம் என்று காட்டியது. தரவு தட்டின் பரப்பில் பத்திரமாக இருந்தும் அதை எட்ட வழியில்லை. மின்பலகையில் தொடர்முறைக் கேபிள் ஒன்றை இணைத்து, கட்டளைகளைத் தட்டச்சு செய்து பலர் தாங்களே மீட்டார்கள். அதே நிறுவனத்தின் எஸ்.டி.3000டி.எம்.001 என்ற 3 டெராபைட் மாடல், பேக்பிளேஸ் என்ற அமெரிக்கச் சேமிப்பு நிறுவனத்தின் 2014ஆம் ஆண்டுக் கணக்கில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்ட பழுது விகிதம் காட்டியது. அதை அடுத்து வந்த 4 டெராபைட் மாடல் அதே நிறுவனத்தின் கிடங்கில் அதைவிட மிகக் குறைந்த பழுதுடன் ஆண்டுக்கணக்கில் ஓடியது. மறுபக்கம், டெத்ஸ்டார் என்று பழிக்கப்பட்ட ஐ.பி.எம். வழியில் வந்த ஹிட்டாச்சித் தட்டுகள், பேக்பிளேஸின் அட்டவணைகளில் நீண்ட காலம் மிக நம்பகமானவையாக நின்றன.

2011 இறுதியில் தாய்லாந்தைத் தாக்கிய வெள்ளம் வெஸ்டர்ன் டிஜிட்டலின் பாங் பா-இன் ஆலையையும், தட்டு மோட்டார் தயாரிக்கும் ஆலைகளையும் மூழ்கடித்தது. உலகெங்கும் விலை ஏறியது. அந்த நெருக்கடிக்கிடையே வாரண்டியும் சுருங்கியது: வெஸ்டர்ன் டிஜிட்டலின் ப்ளூ, க்ரீன் வகைகளுக்கு 3 ஆண்டு 2 ஆண்டானது, சீகேட் சில மேசைக் கணினித் தட்டுகளுக்கு ஓராண்டாக்கியது. வெள்ளம் வடிந்த பின்னும் பழைய அளவு எல்லா வகைகளுக்கும் திரும்பவில்லை.

பழுதுக் கணக்குகள்

விவரக் குறிப்புகளில் 'சராசரி ஆயுள் 10 லட்சம் மணி' என்ற வகையில் ஒரு எண் இருக்கும். அதை ஒரு தட்டின் ஆயுளாகக் கொண்டால் 114 ஆண்டு என்று வரும். அப்படி ஓடும் தட்டு கிடையாது. அந்த எண்ணின் பொருள், ஏராளமான தட்டுகள் ஓடும் இடத்தில் ஆண்டுக்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவாகவே கெடும் என்பதுதான். 2007 பிப்ரவரியில் ஒரே மாநாட்டில் வெளியான இரண்டு ஆய்வுகள் இதைச் சோதித்தன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடர், கார்த் கிப்சன் இருவரும் சுமார் 1 லட்சம் தட்டுகளின் பதிவுகளைப் பார்த்தபோது, ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீதம் வரை மாற்றப்படுவது சாதாரணமாக இருந்தது. சில இடங்களில் 13 சதவீதம் வரை போனது. கூகுள் பொறியாளர்களின் ஆய்வும் 1 லட்சத்துக்கு மேற்பட்ட தட்டுகளைப் பற்றியது. வெப்பம் ஏறினால் பழுது கூடும் என்ற பொது நம்பிக்கைக்கு அதில் வலுவான ஆதரவு கிடைக்கவில்லை. பரப்புச் சோதனையில் முதல் பிழை காட்டிய தட்டு, அடுத்த 60 நாளில் கெட, பிழை காட்டாத தட்டைவிட 39 மடங்கு வாய்ப்பு இருந்தது. கெட்டுப்போன தட்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை முக்கிய எச்சரிக்கை எண்கள் எதையும் காட்டாமலே கெட்டன.

பேக்பிளேஸ் வெளியிட்டுவரும் காலாண்டு அறிக்கைகள் மாடல் வாரியாகப் பழுதைக் காட்டுகின்றன. நெரிசலான அடுக்குகளில் இரவும் பகலும் ஓடும் தட்டுகளின் கணக்கு அது. வீட்டு மேசைக்கு அப்படியே பொருந்தாது என்று நிறுவனங்கள் வாதிடுகின்றன. ஆனால் மாடல்களை ஒன்றோடொன்று ஒப்பிட அதைவிட நல்ல பொதுக் கணக்கு இல்லை.

வாங்கும்போது

வரிசைப் பெயரைவிட மாடல் எண்ணே முக்கியம். ப்ளூ, பாரகுடா என்ற ஒரே பெயரின் கீழ் உட்கூறு வேறுபட்ட தட்டுகள் விற்கப்படுகின்றன. பதிவு முறை அதில் முதன்மையான வேறுபாடு. சி.எம்.ஆர். முறையில் காந்தத் தடங்கள் அடுத்தடுத்துத் தனியாக அமையும். எஸ்.எம்.ஆர். முறையில் கூரை ஓடுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒரு தடத்தைத் திருத்த அருகிலுள்ளவற்றையும் திரும்ப எழுத வேண்டும். தொடர்ந்து நிறைய எழுதினால் தட்டு திணறும். பல தட்டுகளைச் சேர்த்து ரெய்டு அமைத்தவர்களுக்கு இது பெரும் தொல்லை. ரெட் வரிசையின் சில மாடல்களில் எஸ்.எம்.ஆர். சொல்லாமல் நுழைக்கப்பட்டது 2020 ஏப்ரலில் வெளியானதும், வெஸ்டர்ன் டிஜிட்டல் சி.எம்.ஆர். தட்டுகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப்பெயர் வைத்தது. நம்பகம் வேண்டுவோர் எஸ்.எம்.ஆரைத் தவிர்ப்பதே சரி.

வாரண்டிக் காலம் நிறுவனத்தின் சொந்த மதிப்பீட்டைக் காட்டுகிறது. சாதாரண மேசைக் கணினித் தட்டுக்கு 2 ஆண்டும், வலையமைப்புச் சேமிப்பகத்துக்கான நாஸ் வகைக்கு 3 ஆண்டும், வெஸ்டர்ன் டிஜிட்டல் பிளாக், சீகேட் அயன்வுல்ஃப் புரோ போன்றவற்றுக்கு 5 ஆண்டும் வழக்கம். ஆண்டு வேலைச்சுமை வரம்பும் அப்படியே: மேசை வகைக்கு 55 டெராபைட், நாஸ் வகைக்கு 180 டெராபைட். நாள் முழுவதும் ஓடும் கணினிக்கு நாஸ் வகையை வாங்கினால், கொஞ்சம் கூடும் விலை வீணாகாது. 1 டெராபைட் தட்டை விண்டோஸ் 931 ஜி.பி. என்று காட்டுவது கணக்கிடும் முறையால் வருவது, கடைக்காரர் ஏமாற்றியதில்லை.

பணம் கொடுக்குமுன் உறையிலுள்ள வரிசை எண்ணை நிறுவனத்தின் வாரண்டிப் பக்கத்தில் இட்டுப் பார்க்க வேண்டும். கணினி நிறுவனங்களுக்கென மொத்தமாகக் கொடுக்கப்பட்ட தட்டுகளுக்குத் தனி வாரண்டி இருக்காது. வேறு நாட்டுச் சந்தைக்கு விற்கப்பட்டதை இந்தியச் சேவை மையம் ஏற்காமல் போகலாம். 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில், பல்லாயிரம் மணி ஓடிய சீகேட் எக்ஸோஸ் தட்டுகளின் பதிவை அழித்துப் புதியவை என்று விற்றது அம்பலமானது.

மாட்டிய பின் சோதனை

ஸ்மார்ட் என்பது தட்டு தன் உடல்நிலையைத் தானே பதிவுசெய்யும் முறை. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதைத் திரையில் காட்டும். எண்கள் பதினாறடிமானத்தில் இருக்கும் என்பதால் முதன்முறை பார்ப்பவருக்குக் குழப்பும். அமைப்புகளில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். 09 என்ற வரியில் ஓடிய மணிகள் இருக்கும். புதுத் தட்டில் அது சுழியத்தை ஒட்டியிருக்க வேண்டும். 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளும் முறையே மாற்றியமைத்த செக்டர், நிலுவையிலுள்ள செக்டர், திருத்த முடியாத செக்டர் ஆகியவற்றின் எண்ணிக்கை. புதுத் தட்டில் இவற்றில் எதிலும் சுழியம் தவிர வேறு எண் தெரிந்தால் அன்றே திருப்பிக் கொடுப்பது நல்லது. சி7 வரியில் எண் ஏறினால் குற்றம் பெரும்பாலும் சாட்டா கேபிளுடையது. இருநூறு ரூபாய்க்குள் தீரும் கோளாறுக்கு நல்ல தட்டைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு.

தரவு ஏற்றுமுன் பரப்பு முழுவதையும் ஒருமுறை எழுதிப் படித்துப் பார்ப்பது பயன் தரும். 4 டெராபைட் தட்டில் ஒருமுறை எழுதி முடிக்க மட்டும் ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும், இரவில் விட்டுவிடலாம். மோட்டார் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட் கம்பியில் மின்னோட்டம் உச்சத்துக்குப் போகிறது. மலிவான எஸ்.எம்.பி.எஸ்., ஏறி இறங்கும் மின்சாரம், ஓடும்போதே இடிபடும் கணினிப் பெட்டி மூன்றும் நல்ல மாடலையும் கெடுக்கும். யு.பி.எஸ். இருந்தால் திடீர் நிறுத்தம் குறையும். வாரண்டியில் கிடைப்பது மாற்றுத் தட்டு மட்டுமே. தரவுக்கு வேறொரு தட்டில் இன்னொரு பிரதி இருந்தாக வேண்டும். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய இரண்டு தட்டுகள் ஒரே தொகுதியைச் சேர்ந்தவையாக இருக்கக்கூடும் என்பதால், பிரதிக்கு வேறு மாடல் நல்லது.

இன்றைய நிலை

வன்தட்டு தயாரிப்போர் இன்று சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், டோஷிபா ஆகிய மூவர் மட்டுமே. இயங்குதளத்தை எஸ்.எஸ்.டி.யில் ஏற்றி, வன்தட்டைப் பெரிய கோப்புகளுக்கு மட்டும் வைப்பது வழக்கமாகிவிட்டது. லேசர் வெப்பத்தின் துணையால் எழுதும் 30 டெராபைட் அளவுத் தட்டுகளைச் சீகேட் 2024இல் அறிவித்தது. அவை முதலில் தரவு மையங்களுக்காக வந்தவை.