எழுதிக் கொடுத்த பிறகு: முதியோர் சொத்தும் தமிழ்நாட்டுப் பத்திர மரபும்

1794 மார்ச் 22 அன்று பச்சையப்ப முதலியார் தம் உயிலை எழுதினார். அதே மாதம் 31ஆம் நாள் காலமானார். துபாஷாக, அதாவது ஐரோப்பியருக்கு மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்து, பெரும்பொருள் ஈட்டிய அவர் கோயில் காரியங்களுக்கும் பிற அறங்களுக்கும் ஒதுக்கிய பணம், அவர் நினைத்த வழியில் உடனே போய்ச் சேரவில்லை. சொத்து யார் கையில் என்பது பற்றிய வழக்கு சென்னை சுப்ரீம் கோர்ட்டில் பல்லாண்டு இழுபட்டது. அறத்துக்குச் செலவாகாமல் வட்டியோடு பெருகிக் கிடந்த தொகையை நீதிமன்றம் மீட்டது. சென்னை அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் போன்றோரின் முயற்சியும் சேர்ந்து, அதிலிருந்து 1842இல் ஒரு பள்ளிக்கூடம் பிறந்தது. இன்றைய பச்சையப்பன் கல்லூரியின் வேர் அது.

இந்த வரலாறு பெரும்பாலும் கல்வி வரலாறாகவே சொல்லப்படுகிறது. சட்ட வரலாறாகப் படித்தால் வேறொரு கேள்வி எழும். இறந்துபோன ஓர் இந்துவின் எழுத்து, உயிரோடிருக்கும் உறவினரின் உரிமையை வெல்லலாம் என்று எந்தச் சட்டம் சொன்னது? அந்தக் கேள்விக்கு நிலையான விடை கிடைக்க ஏறக்குறைய 130 ஆண்டுகள் ஆயின. அந்த உழைப்பெல்லாம் செத்த பிறகு ஒருவர் சொல் செல்லுமா என்பதிலேயே செலவழிந்தது. சொத்தை எழுதிக் கொடுத்துவிட்டு உயிரோடிருப்பவரின் நிலை என்ன என்ற கேள்வியைச் சட்டம் மிகவும் தாமதமாகவே கையிலெடுத்தது. இக்கட்டுரை அந்தத் தாமதத்தின் தடத்தைப் பின்தொடர்கிறது.

உயிலுக்கு இடமில்லாத சட்டம்

தர்மசாத்திர நூல்களில் தானம் உண்டு, பாகப்பிரிவினை உண்டு, உயில் இல்லை. தமிழகத்தில் செல்வாக்குப் பெற்ற மிதாட்சர மரபில் மகன் பிறக்கும்போதே பூர்விகச் சொத்தில் பங்காளியாகிறான். தகப்பன் இறந்த கணத்தில் அவன் பங்கு உயிரோடிருக்கும் பங்காளிகளுக்குப் போய்விடும். இறப்பவர் கையில் எழுதி வைக்க எதுவும் மிஞ்சாது. கோயில் கல்வெட்டுகளும் இதே போக்கைத்தான் காட்டுகின்றன. நுந்தா விளக்குக்கு ஆடு விட்டவரும் நிலம் விட்டவரும் உயிரோடிருக்கும்போதே கொடுத்தார்கள். கொடுத்ததை ஊரறியக் கல்லிலும் வெட்டினார்கள்.

கம்பெனி ஆட்சி வந்ததும் குழப்பம் தொடங்கியது. சென்னை நகரத்து வணிகர்கள் ஐரோப்பியரைப் பார்த்து உயில் எழுதினர். ஆங்கிலேய நீதிபதிகளும் அதைப் பழகிய பொருளாகவே நடத்தினர். ஆனால் மாகாண அரசு பின்வாங்கியது. 1829ஆம் ஆண்டின் 5ஆம் ஒழுங்குமுறைச் சட்டம், இந்து சட்டத்துக்கு ஒத்துப்போகும் அளவுக்கே இந்துக்களின் உயில் செல்லும் என்றது. இந்து சட்டத்தில் உயிலே இல்லாதபோது எதற்கு ஒத்துப்போவது? நீதிமன்றங்கள் இந்த முடிச்சைத் தானத்தைக் கொண்டு அவிழ்த்தன. உயிரோடிருக்கையில் எதைத் தானமாகக் கொடுக்க ஒருவருக்கு அதிகாரம் உண்டோ, அதை உயிலாலும் கொடுக்கலாம் என்று வாதிட்டன. 1856இல் சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில், லண்டனிலிருந்த இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் ஆண் வாரிசு இல்லாதவரின் உயிலை ஏற்றது. 1862இல் தொடங்கிய சென்னை உயர்நீதிமன்றமும் தன் தொடக்க ஆண்டுகளிலேயே இந்த வாதத்தை உறுதிசெய்தது.

1872ஆம் ஆண்டின் தாகூர் வழக்கு இதற்கொரு எல்லை கட்டியது. கல்கத்தாவின் பிரசன்னகுமார் தாகூர், கிறிஸ்தவராக மாறிய மகனை விலக்கிவிட்டு, பின்னால் பிறக்கப்போகும் ஆண்வழிச் சந்ததிவரை சொத்துக்கு வரிசை வகுத்திருந்தார். தானம் வாங்க ஆள் இருக்க வேண்டும்; பிறக்காதவர் எப்படி வாங்குவார் என்று கேட்டு, அந்தப் பகுதியைப் பிரிவி கவுன்சில் செல்லாது என்றது. தாகூரே பெயர்பெற்ற வழக்கறிஞர் என்பது இதில் கவனிக்கத்தக்கது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற தாகூர் சட்டச் சொற்பொழிவுகளுக்கு நிதி வைத்ததும் இதே உயில்தான். பேரன் பேத்திக்கு எழுதும் பழக்கம் ஊன்றியிருந்த சென்னை மாகாணம் இந்தத் தடையைப் பொறுக்கவில்லை. பிறக்காதவருக்கும் எழுதலாம் என்று 1914இல் தனிச்சட்டமே இயற்றியது. மத்திய சட்டம் இரண்டாண்டு கழித்து வந்தது.

வடிவத்தைப் பொறுத்தவரை, நகரத்துக்கும் நாட்டுப்புறத்துக்கும் நெடுநாள் இரு வேறு நீதி இருந்தது. 1870ஆம் ஆண்டின் இந்து உயில் சட்டம் தமிழகத்தில் சென்னை நகரத்துக்கு மட்டுமே எழுத்து, கையொப்பம், இரண்டு சாட்சி ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. மதுரையிலோ தஞ்சாவூரிலோ சாகக் கிடப்பவர் வாயால் சொன்னதும் உயிலாகச் செல்லும். 1927 ஜனவரி 1 முதல்தான் இந்துக்களின் உயில் எங்கும் எழுத்தில் இருக்க வேண்டும் என்றானது. இஸ்லாமியருக்கு இந்த விதி பொருந்தாது. வாய்மொழி உயில் அவர்களுக்கு இன்றும் செல்லும். ஆனால் வாரிசுகள் சம்மதித்தால் ஒழிய மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் இரண்டு கதவுகளைத் திறந்தது. கூட்டுக் குடும்பத்தில் தனக்குள்ள பிரிக்கப்படாத பங்கையும் ஒருவர் உயிலால் எழுதலாம் என்றது 30ஆம் பிரிவு. அதுவரை ஆயுள்கால அனுபவம் மட்டுமே கொண்டிருந்த விதவையை முழு உரிமையாளராக்கியது 14ஆம் பிரிவு. இரண்டாவது மாற்றத்தின் முழுப் பொருள் பிற்பாடுதான் புரிந்தது. அன்று உரிமையாளராகிய தாய்மாரின் மகள்களும் மருமகள்களும் முதுமையடைந்தபோது, வீட்டை யாருக்கு எழுதுவது என்று முடிவெடுக்க வேண்டியவர்களாக அவர்களே இருந்தார்கள்.

வீடே ஓய்வூதியம்

தமிழ்நாட்டில் ஓய்வூதியம் என்பது நெடுங்காலம் அரசு உத்தியோகத்தின் மறுபெயர். நெசவாளிக்கும் கடைக்காரருக்கும் குடியானவருக்கும் முதுமைக்கான சேமிப்பு வீடும் நிலமும்தான். 1962இல் மாநில அரசு தொடங்கிய முதியோர் உதவித்தொகை ஆதரவற்ற ஏழைகளுக்கானது. ஒரு காணி நிலம் உள்ளவர் அதில் அடங்கமாட்டார். 2003 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பணியில் சேர்ந்த மாநில அரசு ஊழியருக்குப் பங்களிப்புத் திட்டம் வந்தபின் அரசுப் பணியின் ஓய்வூதிய உத்தரவாதமும் தளர்ந்தது. வீட்டை வங்கியில் வைத்து மாதாமாதம் பணம் பெறும் தலைகீழ் அடமானத் திட்டம் 2007இல் மத்திய வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டும் எடுபடவில்லை. வீட்டைப் பிள்ளைக்கு வைத்துப் போவது கடமை என்று கருதும் சமூகத்தில் அது எடுபடாமல் போனதில் வியப்பில்லை.

எனவே முதுமையில் பேரம் பிள்ளைகளோடுதான் நடந்தது: வீடு உனக்கு, சோறும் மருந்தும் எனக்கு. இந்தப் பேரத்துக்குத் தமிழர் தேர்ந்த கருவி உயில் அன்று, தான செட்டில்மெண்ட் பத்திரம். அதற்குக் காரணங்கள் உண்டு. உயில் எழுதினால் பிற்பாடு மற்ற பிள்ளைகள் கையெழுத்தையும் மனநிலையையும் சந்தேகித்து நீதிமன்றம் போவார்கள். சென்னையில் பிரோபேட் என்ற நீதிமன்ற மெய்ப்பிப்பு வேறு காத்திருந்தது. செட்டில்மெண்ட்டோ சார்பதிவாளர் முன் ஒரே நாளில் முடிந்துவிடும்; பட்டாவும் மாறிவிடும். முத்திரைக் கட்டணத்திலும் அரசு சலுகை தந்தது. குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்ட்டுக்குச் சந்தை மதிப்பில் ஒரு சதவீதமே கட்டணம். அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலையில்தான் அது 25,000 ரூபாயிலிருந்து 40,000 ஆனது. உயிலுக்கு முத்திரைக் கட்டணமே கிடையாது என்பதும், பதிவு கட்டாயமில்லை என்பதும், எத்தனை முறையும் மாற்றி எழுதலாம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்த பிள்ளைகளுக்கோ அந்தக் கடைசிச் செய்திதான் உறுத்தல். அப்பா மனம் மாறிவிட்டால்?

செட்டில்மெண்ட்டில் மனம் மாற இடமில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 126ஆம் பிரிவில், கொடுத்தவர் தம் விருப்பம்போல் தானத்தைத் திரும்பப் பெற முடியாது என்கிறது. பத்திர எழுத்தர்களின் மாமூல் நடையும் அதற்கு ஒத்து ஊதுகிறது. தங்கள்மேல் உள்ள அன்பையும் அபிமானத்தையும் முன்னிட்டு, இன்றே சுவாதீனம் ஒப்படைத்து, சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவிக்க, எக்காலத்தும் ரத்து செய்ய அதிகாரமில்லாமல் எழுதிக் கொடுத்தது என்று அது ஓடும். பத்திரத்தில் அன்பு இருக்கிறது, சோறு இல்லை. பேரத்தின் ஒரு பாதி எழுத்தில் ஏறுகிறது, மறுபாதி வாய்ச்சொல்லாகவே நின்றுவிடுகிறது. எழுதிக் கொடுத்தவர் மரணத்துக்குப் பிறகே உரிமை போகும் என்றிருந்தால், தலைப்பு எதுவானாலும் அது உயில் என்றும், இன்றே உரிமை மாறினால் அது செட்டில்மெண்ட் என்றும் நீதிமன்றங்கள் வேறுபடுத்தி வந்திருக்கின்றன. எழுதிக் கொடுக்கும் முதியவருக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்கிச் சொல்வது அரிது.

ஏமாந்தவர்களுக்கு இருந்த வழி உரிமையியல் நீதிமன்றம். மிரட்டியோ ஏய்த்தோ எழுதி வாங்கினார்கள் என்று அங்கே மெய்ப்பிக்க வேண்டும், அதுவும் விவரம் தெரிந்த மூன்றாண்டுக்குள் வழக்குப் போட்டு. எழுபது வயதுக்காரருக்கு அது வழியே அல்ல. பலர் தாமாகவே ரத்துப் பத்திரம் எழுதிப் பதிந்து பார்த்தார்கள். ஒருதலையான அத்தகைய ரத்தை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்கவில்லை.

23ஆம் பிரிவு

பெற்றோரைக் காப்பது கடமை என்பது சட்டத்துக்குப் புதிதல்ல. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டத்திலும் 2024 வரை நடப்பிலிருந்த 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் பெற்றோருக்கான ஜீவனாம்சம் இடம்பெற்றது. ஆனால் அவை சொத்தைத் தொடவில்லை. 2007இல் நிறைவேறிய பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டத்தின் 23ஆம் பிரிவுதான் பத்திரத்துக்குள் கை வைத்தது. அடிப்படை வசதிகளும் தேவைகளும் செய்துதர வேண்டும் என்ற நிபந்தனையுடன் 60 வயதானவர் சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் அதைச் செய்யத் தவறினால், அந்த மாற்றம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ நடந்ததாகவே கருதப்படும். கொடுத்தவர் விரும்பினால் ரத்தாகும். 126ஆம் பிரிவு பூட்டியிருந்த கதவுக்கு 125 ஆண்டு கழித்து ஒரு சாவி கிடைத்தது. தமிழ்நாட்டு விதிகள் 2009இல் வந்தன. தீர்ப்பாயம் வருவாய்க் கோட்டாட்சியரிடம். மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம்.

சாவியில் ஒரு பல் குறைந்திருந்தது. நிபந்தனையுடன் என்கிறது சட்டம். நம் பத்திரங்களிலோ அன்பு மட்டும்தான் இருக்கிறது. சென்னை உயர்நீதிமன்றம் இதற்கு ஒரு வழி கண்டது. திருப்பூர் ஆட்சியரின் உத்தரவு தொடர்பாக 2023இல் வந்த தீர்ப்பும், நாகப்பட்டினத்தைச் சேர்ந்த 87 வயதுத் தாய் ஒருவரின் பத்திரம் குறித்து 2025 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு தந்த தீர்ப்பும், அன்பும் பாசமும் கருதி எழுதியதே மறைமுக நிபந்தனைதான் என்றன. பத்திர எழுத்தரின் மாமூல் சொல் இப்படிச் சட்டப் பொருள் பெற்றது.

உச்சநீதிமன்றத்தின் நிலை அவ்வளவு நேரானதல்ல. 2022 டிசம்பரில், பிள்ளைகளுக்குப் பெற்றோர் சொத்துக் கொடுப்பது இயல்பு, அதிலேயே பராமரிப்பு நிபந்தனை அடங்கியதாகக் கொள்ள முடியாது, நிபந்தனை இருந்ததை நிறுவ வேண்டும் என்றது. 2025 ஜனவரி 2ஆம் தேதித் தீர்ப்பில் மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் தானப் பத்திரத்தை ரத்து செய்து, இது நலச்சட்டம், தாராளமாகவே பொருள்கொள்ள வேண்டும், தீர்ப்பாயம் வீட்டைக் காலி செய்யவும் உத்தரவிடலாம் என்றது. இந்த இரண்டாம் தீர்ப்பைக் காட்டி, இனி எந்தச் செட்டில்மெண்ட்டையும் ரத்து செய்யலாம் என்று பேசுவோர் உண்டு. அது மிகையான வாசிப்பு. அந்த வழக்கில் கடைசிவரை தாயைக் காப்பேன் என்று மகன் தனித்தாளில் உறுதிமொழி எழுதிக் கொடுத்திருந்ததாகத் தாய் கூறினார். நீதிமன்றம் அதையும் பத்திரத்தையும் சேர்த்தே படித்தது. எழுத்துச் சான்று எதுவும் இல்லாத ஒருவர் 2022ஆம் ஆண்டுத் தீர்ப்பின் முன்தான் நிற்க வேண்டியிருக்கும். சென்னைத் தீர்ப்புகள் கருணையுள்ளவை. அவை கடைசிவரை நிலைக்கும் என்று நம்பி வீட்டை எழுதிக் கொடுப்பது விவேகமல்ல என்பதே என் கருத்து.

உயிரோடிருப்பவரின் சொல்லுக்கு எழுத்தில் இடம் கேட்ட இன்னொரு வரலாறும் இதே காலத்தில் நடந்தது. 2018 மார்ச் 9 அன்று உச்சநீதிமன்றம், மீள முடியாத நோய்நிலையில் தமக்குச் செயற்கை உயிர்காப்பு வேண்டாம் என ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றது. ஆனால் நீதித்துறை நடுவரின் மேலொப்பம் வேண்டும் என்ற விதியால் அது ஏட்டளவிலேயே நின்றது. 2023 ஜனவரியில் அந்த விதி தளர்ந்தது. இப்போது இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது அரசிதழ் அதிகாரி ஒருவரின் சான்றும் போதும். சொத்துக்காக நாலுமுறை பத்திர அலுவலகம் ஏறி இறங்கும் குடும்பங்கள் இந்த ஒரு தாளைப் பற்றி வாயே திறப்பதில்லை.

பத்திரம் எழுதப் போகும் மூத்தவர்களுக்கு இந்த வரலாற்றிலிருந்து சொல்ல வேண்டியவை சில. மனம் மாறும் உரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் உயில் எழுதுங்கள். கட்டாயமில்லாவிட்டாலும் பதிவு செய்யுங்கள். செட்டில்மெண்ட்தான் என்று முடிவானால், அந்த வீட்டில் ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையை உங்கள் பெயரிலும் துணையின் பெயரிலும் வைத்துக்கொண்டு எழுதுங்கள். உணவு, மருத்துவம், இருப்பிடம் ஆகியவற்றைத் தருவது இந்த மாற்றத்தின் நிபந்தனை என்று தனிப் பத்தியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். பத்திர எழுத்தர் அது வழக்கமில்லை என்பார். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பத்தி இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.