தீக்குச்சி முதல் ஹைவே கோடு வரை: உடைந்த கண்ணாடியின் கதை

சென்ட்ரல்ல இருந்து கும்மிடிப்பூண்டி போற எலக்ட்ரிக் ட்ரெயின்ல திருவொற்றியூருக்கு அடுத்த ஸ்டேஷன் விம்கோ நகர். 2021-ல மெட்ரோவும் அங்க வரைக்கும் வந்துடுச்சு. தினமும் எத்தனையோ பேர் அந்தப் பேரைக் கேட்டு இறங்குறாங்க, ஏறுறாங்க. விம்கோ யாரு? ஊர்த் தலைவரா, வெள்ளைக்கார துரையா? ரெண்டும் இல்ல. வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி. சுருக்கமா விம்கோ. அது ஒரு தீப்பெட்டிக் கம்பெனி.

ஆனா இன்னைக்கு எபிசோட் தீப்பெட்டிக்குள்ள ஒளிஞ்சிருக்கிற ஒரு பொருளைப் பத்தி. அது கண்ணாடித் தூள்.

தீப்பெட்டியோட பக்கவாட்டுல உரசுற பட்டை இருக்கே, அதுல சிவப்பு பாஸ்பரஸோட கண்ணாடித் தூளும் கலந்திருக்கும். குச்சியைத் தேய்க்கும்போது அந்தத் தூளோட சொரசொரப்புதான் சூட்டை உண்டாக்குது. அந்தச் சூட்டுல பாஸ்பரஸ் பத்தி, குச்சித் தலையில இருக்கிற பொட்டாசியம் குளோரேட்டைக் கிளப்பி விடுது. குச்சித் தலையிலயும் கண்ணாடித் தூள் உண்டு. ஒரே நொடியில எல்லாம் எரிஞ்சு போயிடாம வேகத்தைக் கட்டுப்படுத்துறது அங்க அதோட வேலை. பாஸ்பரஸைக் குச்சியில வைக்காம பெட்டியில வைக்கிற இந்த யோசனைக்கு 1844-ல ஸ்வீடன்ல குஸ்தாஃப் எரிக் பாஷ் காப்புரிமை வாங்கினார்.

ஸ்வீடன்ல இருந்து விம்கோ நகருக்கு எப்படி வந்துச்சு? 1922-ல பிரிட்டிஷ் இந்திய அரசு இறக்குமதித் தீப்பெட்டிக்கு வரியை ஏத்துச்சு. கப்பல்ல கொண்டு வந்து வித்தா கட்டுப்படியாகாது. அதனால ஸ்வீடன் தீப்பெட்டிக் கம்பெனி 1923-ல இங்கேயே விம்கோவை ஆரம்பிச்சுது. திருவொற்றியூர்லயும் ஒரு ஃபேக்டரி வந்துச்சு. அதே காலத்துல சிவகாசியில இருந்து அய்ய நாடார், சண்முக நாடார்னு ரெண்டு பேர் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு ஊர் திரும்பினாங்க. ஒரு பக்கம் மெஷின், இன்னொரு பக்கம் கைவேலை. ரெண்டு பக்கமும் பட்டையில கண்ணாடித் தூள்தான். இதுக்குப் புதுக் கண்ணாடி வேணும்னு அவசியமே இல்ல. உடைஞ்சதை அரைச்சாப் போதும்.

இப்போ அதே ரயில் பாதையில கொஞ்சம் பின்னாடி வாங்க: தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை. இங்க கண்ணாடித் தூளுக்கு இன்னொரு வேலை இருந்துச்சு. மாஞ்சா. ட்யூப் லைட்டை உடைச்சு, மாவு மாதிரி அரைச்சு, கஞ்சிப் பசையில குழைச்சு நூல்ல ஏத்துவாங்க. தீப்பெட்டியில நெருப்பு கொடுத்த அதே சொரசொரப்பு, இங்க அறுக்குற கூர். 2019-ல கொருக்குப்பேட்டை பக்கம் பெற்றோரோட பைக்ல போன ஒரு சின்னக் குழந்தை மாஞ்சா நூல் கழுத்தை அறுத்து இறந்துபோச்சு. 2017-லயே நைலான், செயற்கை மாஞ்சாவைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை செஞ்சிருந்துது. பொருள் ஒண்ணுதான். எதுல, யார் கையில, எந்த அளவுல இருக்குங்கறதுதான் அது என்ன செய்யும்னு முடிவு பண்ணுது.

இந்த ‘அளவு’ங்கற விஷயத்தைப் பிடிச்சுக்கோங்க. மொத்தக் கதையும் அதுலதான் இருக்கு.

கண்ணாடியை மணல் மாதிரி நுணுக்கி, தீ ஜுவாலை வழியா விட்டா என்ன ஆகும்? உருகி, பரப்பு இழுவிசையால குட்டிக் குட்டி உருண்டையா மாறும். ராத்திரி கவரைப்பேட்டை தாண்டி கல்கத்தா ஹைவேயில போகும்போது ரோட்டுக் கோடு பளிச்சுனு தெரியுதே, அது பெயின்ட்டோட வேலை மட்டும் இல்ல. பெயின்ட்ல பதிச்ச அந்த உருண்டைகள் ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புது. பழைய ஜன்னல் கண்ணாடியே இதுக்குப் போதும்.

சரி, மணல் அளவுல உருக்காம அப்படியே கான்கிரீட்ல போடலாமே? ஆத்து மணலுக்கு இவ்வளவு தட்டுப்பாடு இருக்கே? இங்கதான் ஒரு சிக்கல். 1940-ல கலிஃபோர்னியாவுல தாமஸ் ஸ்டான்டன்னு ஒரு பொறியாளர், சில கற்கள்ல இருக்கிற சிலிக்கா சிமென்ட்டோட காரத்தோட சேர்ந்து ஊதி, கான்கிரீட்டை உள்ளேருந்தே பிளக்குதுன்னு கண்டுபிடிச்சார். கண்ணாடியும் சிலிக்காதான். மணல் அளவுத் துண்டாப் போட்டா அதே பிரச்சினை வரும்.

ஆனா அதே கண்ணாடியை இன்னும் பொடியா, 75 மைக்ரானுக்குக் கீழ அரைச்சா கதை தலைகீழ். அது சிமென்ட்டோட சேர்ந்து பலம் கொடுக்க ஆரம்பிக்குது. பிளக்கிறதும் பலப்படுத்துறதும் ஒரே பொருள், நடுவுல சல்லடை மட்டும்தான் வித்தியாசம். மணல் அளவுலயே பயன்படுத்தணும்னாலும் வழி இருக்கு: கூட ஃப்ளை ஆஷ் சேர்த்தா ஊதறது அடங்கும். ஃப்ளை ஆஷ் எங்க கிடைக்கும்? இதே ட்ரெயின்ல அத்திப்பட்டுல இறங்கினா வட சென்னை அனல்மின் நிலையம். அந்தச் சாம்பல் கொசஸ்தலை ஆத்துல கலக்குதுன்னு எண்ணூர் மீனவர்கள் வருஷக்கணக்கா போராடுறாங்க. ஒரே ஏரியாவுல ரெண்டு கழிவு. ஒண்ணோட குறையை இன்னொண்ணு தீர்க்கும்.

அப்போ ஏன் பாட்டில் இன்னும் குப்பைமேட்டுல கிடக்குது? டெக்னாலஜி இல்லாததால இல்ல. கண்ணாடி கனம், விலை கம்மி. காயலாங்கடைக்காரருக்கு இரும்புலயும் பேப்பர்லயும் கிடைக்கிற காசு இதுல கிடைக்காது. வேற குப்பையோட கலந்து உடைஞ்சுட்டா கல்லு, பீங்கான், மூடி எல்லாம் சேர்ந்துடும். அதுக்கப்புறம் எந்தச் சல்லடையாலயும் பெரிசா பிரயோஜனம் இல்ல. டேட்டா சுத்தமா இல்லாம மாடல் ட்ரெயின் பண்ணின கதைதான்.

இதுக்கும் ஒரு தமிழ்நாட்டுப் பதில் இருக்கு. மலையில வீசின பாட்டில் காட்டு விலங்குகளோட காலைக் கிழிக்குதுன்னு வழக்கு வந்து, சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதால 2022-ல நீலகிரியில டாஸ்மாக் பாட்டிலுக்குக் கூடுதலா 10 ரூபாய் வாங்க ஆரம்பிச்சாங்க. காலி பாட்டிலைக் கொடுத்தா அந்த 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும். பெரும்பாலான பாட்டில் திரும்பி வந்துச்சு. காட்டுல கிடந்தப்போ குப்பை, கவுன்டர்ல கொடுத்தப்போ காசு. புது மெஷின் எதுவும் தேவைப்படல. உடையறதுக்கு முன்னாடியே அதுக்கு ஒரு விலை வெச்சாங்க, அவ்வளவுதான்.

முழுசா வந்தா கழுவி மறுபடி நிரப்பலாம். அதுதான் முதல் மரியாதை. முடியாதப்போ உருக்கலாம். அதுவும் முடியாதப்போதான் அரைக்கணும். வரிசை மாறினா நஷ்டம் நமக்குத்தான். வயல்ல நாத்து நடுறவங்க காலுக்கும், குப்பை பிரிக்கிறவங்க கைக்கும் அந்த நஷ்டம் ரத்தமாவே தெரியும்.

அதனால உங்க வீட்டுல ஒரு பாட்டில் உடைஞ்சா, பேப்பர்ல சுத்தி, மேல ‘கண்ணாடி’ன்னு எழுதித் தனியா கொடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.