ஷின்சான் தடையும் மங்கா ஆபாசச் சர்ச்சையும்

மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைகளிலும் அவற்றிலிருந்து உருவான கார்ட்டூன் தொடர்களிலும் ஆபாசம் இருக்கிறது என்ற புகார் பல நாடுகளில் வழக்காகவும் தடையாகவும் மாறியிருக்கிறது. இந்தியாவில் இதற்குப் பெரிதும் பேசப்பட்ட நிகழ்வு, 2008-இல் ‘ஷின்சான்’ தொடருக்கு மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விதித்த தடை. தமிழ்நாட்டுக்கு இந்தச் சர்ச்சையைக் கொண்டுவந்தது புத்தகக் கடை அல்ல, கேபிள் டிவி. திண்டுக்கல் மாவட்டத்துக் குஜிலியம்பாறை போன்ற ஊர்களில் மங்கா என்ற பெயரையே கேள்விப்படாத வீடுகளிலும் ஷின்சான் தமிழ் பேசினான்.

இக்கதையை வரைந்தவர் யோஷிதோ உசுயி. 1990-இல் ஃபுதாபாஷா நிறுவனத்தின் ‘வீக்லி மங்கா ஆக்‌ஷன்’ இதழில் தொடங்கியது. பின்னால் நடந்த குழப்பங்களுக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது. அந்த வார இதழ் சிறுவர் இதழ் அல்ல. வேலைக்குப் போகும் ஆண்கள் படிப்பது. கதைநாயகன் ஐந்து வயதுப் பையன் என்றாலும், சிரிக்க வேண்டியவர்கள் வீட்டுக் கடனில் மாட்டிக்கொண்ட அப்பாக்கள். பையன் கால்சட்டையை இறக்கிப் பின்புறத்தைக் காட்டி ஆடுவான், அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான், தெருவில் போகும் இளம்பெண்களிடம் வழிவான். அம்மா தலையில் குட்டுவாள், குட்டிய இடம் பந்துபோல் வீங்கும். 1992-இல் டிவி ஆசாஹி இதைத் தொடராக்கியதும் குழந்தைகள் பார்க்கத் தொடங்கினார்கள். ஜப்பானியப் பெற்றோர்–ஆசிரியர் சங்கக் கூட்டமைப்பு எடுத்த கருத்துக்கணிப்புகளில், பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பாத நிகழ்ச்சிகளின் வரிசையில் ஷின்சான் ஆண்டுக்கணக்கில் முன்னணியில் இருந்தது. பிறந்த ஊரிலேயே புகாருக்குப் பழகியவன் அவன்.

2006 ஜூனில் ஹங்காமா டிவி இத்தொடரை இந்தி, தமிழ், தெலுங்கு மொழிகளில் ஒளிபரப்பத் தொடங்கியது. இந்திய வடிவத்தில் அப்பா ஹிரோஷி ஹாரி ஆனார், அம்மா மிசாயே மிட்ஸி ஆனார். அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் காலம் பொருந்தியதில் ஒரு விளைவு இருந்தது: அதுவரை நகரத்துப் பிள்ளைகளின் பொழுதுபோக்காக இருந்த கார்ட்டூன் சேனல்கள், அடுத்த சில ஆண்டுகளில் மானாவாரிக் காட்டு ஊர்களின் ஓட்டு வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டன. காட்டு வேலைக்குப் போன பெற்றோர் திரும்பும்வரை ரிமோட் பிள்ளைகள் கையில்.

தடைக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது, பிள்ளைகள் அவனைப் பார்த்துக் கெட்டுப்போகிறார்கள் என்பது. கேபிள் தொலைக்காட்சி நெட்வொர்க் விதிகள், 1994-இன் 6-ஆம் விதி நிகழ்ச்சி நெறிமுறையை வகுக்கிறது. நல்ல ரசனைக்கும் கண்ணியத்துக்கும் மாறானதை அது விலக்குகிறது. சிறுவர் நிகழ்ச்சிகளில் கெட்ட வார்த்தை வரக்கூடாது என்கிறது. ஆனால் பெற்றோரின் புகாரில் உடம்பு இரண்டாம் இடத்தில்தான் இருந்தது. இடுப்பில் துணியில்லாமல் திண்ணையில் ஓடும் குழந்தையைப் பார்த்து யாரும் முகம் சுளிக்காத நாடு இது. உறுத்தியது வாய்த்துடுக்கு. பெற்ற தாயைப் பெயர் சொல்லி அழைப்பதும், பெரியவர்களை எதிர்த்துப் பேசுவதும், அதற்கு வீடே சிரிப்பதும்தான். ஆபாசம் என்ற சட்டச் சொல்லுக்குள் மரியாதைக்குறைவு என்ற குடும்ப வழக்கு நுழைந்துகொண்டது என்று இத்தடையைப் படிப்பதே பொருத்தம்.

வெட்டுகளுடன் 2009-இல் தொடர் திரும்பி வந்தது. அந்த செப்டம்பரில் உசுயி அராஃபுனே மலையில் தவறி விழுந்து இறந்தார், வயது 51. அமெரிக்காவில் இதே கதையை 2006-இல் அடல்ட் ஸ்விம் இரவு நேரத்தில், வசனத்தை மாற்றியெழுதிப் பெரியவர்களுக்கென்றே காட்டியது. இந்தோனேசிய ஒளிபரப்பு ஆணையம் 2014-இல் அதை ஆபாசத்தின் எல்லையைத் தொடுவதாகக் கண்டித்தது. 2025-இல் வந்த ஷின்சான் திரைப்படம் ஒன்றின் கதைக்களமே இந்தியா. தடைசெய்த நாட்டில் அவன் ஆடிப்பாடுகிறான்.

படக்கதையைக் கட்டுப்படுத்த இந்தியாவில் தனிச் சட்டமே உண்டு என்பது பலருக்கும் தெரியாது. 1950-களில் அமெரிக்கத் திகில் காமிக்ஸ் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்குகிறது என்ற பீதி உலகெங்கும் பரவியது. 1954-இல் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்த்தமின் நூல் அதை ஊதிவிட்டது. பிரிட்டன் 1955-இல் சட்டம் இயற்ற, இந்தியா 1956-இல் இளையோர் (தீங்கு விளைவிக்கும் வெளியீடுகள்) சட்டத்தைக் கொண்டுவந்தது. குற்றம், வன்முறை, அருவருப்பு ஆகியவற்றைச் சித்திரித்து, கையில் கிடைக்கும் இளையோரைக் கெடுக்கக்கூடிய கதைகளை விற்றால் ஆறு மாதம் வரை சிறை. இளையோர் என்றால் 20 வயதுக்குட்பட்டோர். ஆபாசத்தைத் தனியாக இந்திய தண்டனைச் சட்டத்தின் 292, 293 பிரிவுகள் பார்த்துக்கொண்டன. 293-லும் வயது வரம்பு 20தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 295-ஆம் பிரிவில் அது ‘குழந்தை’ என்றாகி 18-க்கு இறங்கிவிட்டது.

சிவகாசியில் 1970-களில் முத்து காமிக்ஸும் 1984-இல் லயன் காமிக்ஸும் தொடங்கின. அம்புலிமாமாவில் எழுத்துக்கூட்டிப் படித்த தலைமுறையே அவற்றுக்கும் வாசகர் என்பதால், படக்கதை என்றால் பிள்ளைகளுக்கு என்ற எண்ணம் தமிழில் இறுகியது. சட்டத்தின் எண்ணமும் அதுவே. ‘யார் கையில் கிடைக்கும்’ என்று பார்த்து ஆபாசத்தை அளக்கும் 1868-ஆம் ஆண்டின் ஆங்கிலேய ஹிக்ளின் அளவுகோலை, 1964-இல் ரஞ்சித் உதேஷி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2014-இல் அவீக் சர்க்கார் வழக்கில்தான் அதைக் கைவிட்டு, படைப்பை முழுதாகவும் சமகாலச் சமூகத்தின் கண்ணோடும் பார்க்க வேண்டும் என்றது.

படக்கதை பிள்ளைகளுக்கே என்ற எண்ணம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் டல்லாஸ் நகர வழக்கு உதாரணம். ஒரு காமிக்ஸ் கடை ஊழியர், பெரியவர்களுக்கான பகுதியிலிருந்த மங்கா ஒன்றை, பெரியவர் ஒருவருக்கு விற்றார். வாங்கியவர் மாறுவேடத்தில் வந்த போலீஸ்காரர். காமிக்ஸ் ஆய்வாளர் ஸ்காட் மெக்ளவுடும் ஜப்பானிய இலக்கியப் பேராசிரியர் சூசன் நேப்பியரும் சாட்சி சொன்னார்கள். அரசு வழக்கறிஞர் ஜூரிகளிடம் வைத்த வாதம் எளிமையானது: காமிக்ஸ் காலங்காலமாகக் குழந்தைகளுக்கானது. 2000-இல் அந்த ஊழியர் குற்றவாளி ஆனார். நிறுத்திவைக்கப்பட்ட 180 நாள் சிறை, 4,000 டாலர் அபராதம். 2003-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. வாங்கியவரின் வயதைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை, தண்டிக்கப்பட்டது வடிவம்.

அதே 2003-இல் அந்நாட்டில் வந்த ப்ரொடெக்ட் சட்டம், குழந்தையைக் காட்டும் ஓவியம், உண்மைக் குழந்தை சம்பந்தப்படாவிட்டாலும், ஆபாசமானால் குற்றம் என்றது. ஜப்பானிலிருந்து தபாலில் மங்கா வரவழைத்த ஐயோவா மாநில வாசகர் ஒருவருக்கு அதன் கீழ் 2010-இல் ஆறு மாதச் சிறை கிடைத்தது. சுவீடனிலோ, இத்தகைய படங்களை வைத்திருந்ததற்காகத் தண்டிக்கப்பட்ட மங்கா மொழிபெயர்ப்பாளர் ஒருவரை 2012-இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அவை கற்பனை உருவங்கள், நிஜக் குழந்தையென்று மயங்க இடமில்லை என்பது முக்கியக் காரணம்.

ஜப்பான் கட்டற்ற நாடு என்ற எண்ணமும் சரியல்ல. 1907-இன் தண்டனைச் சட்டத்தில் 175-ஆம் பிரிவு ஆபாச வெளியீட்டைத் தடுக்கிறது. 1989-இல் சிறுமிகளைக் கொன்ற ஒருவர் பிடிபட்டு, அவர் அறையில் வீடியோக்களும் மங்காவும் குவிந்திருந்தது செய்தியானதும், ஆபாச மங்காவுக்கு எதிராகத் தாய்மார் இயக்கம் கிளம்பியது. பதிப்பாளர்கள் வயதுவந்தோர் முத்திரையை அச்சிடத் தொடங்கினர். 2002-இல் அந்த 175-ஆம் பிரிவின் கீழ் ஷோபுன்கான் நிறுவனத்தின் மங்கா பதிப்பாளர் கைதாகி, 2007-இல் 15 லட்சம் யென் அபராதம் உறுதியானது. குழந்தைகளின் ஆபாசப் படங்களை வைத்திருப்பதை 2014-இல் குற்றமாக்கிய சட்டம் மட்டும் வரைந்த படங்களை விட்டுவிட்டது. வெளிநாடுகளின் கோபம் இன்றுவரை குறிவைப்பது இந்த விலக்கைத்தான்.

இந்தியாவில் களம் இப்போது கைப்பேசிக்கு மாறிவிட்டது. 2009 ஜூனில் ‘சவிதா பாபி’ என்ற இணையப் படக்கதையை அரசு முடக்கியது. அது உள்நாட்டுச் சரக்கு, மங்கா அல்ல. அந்த அக்டோபரில் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத் திருத்தத்தின் 67பி பிரிவு, குழந்தைகளை ஆபாசமாகக் காட்டும் எண்மப் படங்களை உருவாக்குவதையும் தேடுவதையும் இறக்கிக்கொள்வதையும் குற்றமாக்கியது. இப்படிப்பட்டவற்றைக் கைப்பேசியில் தனியாகப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரி 11 அன்று சொன்னதை, செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த வழக்கு நிஜக் காட்சிகளைப் பற்றியது. ஆனால் அதில் விளக்கப்பட்ட போக்சோ சட்டத்தின் 2019 திருத்த வரையறைக்குள் ஓவியமும் வரலாம். கணினியில் உருவாக்கிய படம் உண்மைக் குழந்தையிலிருந்து பிரித்தறிய முடியாததாக இருக்க வேண்டும் என்கிறது அதன் ஒரு பகுதி. ஐந்தாறு கோட்டில் வரைந்த ஷின்சான் முகத்தை அப்படிச் சொல்ல முடியாது. அடுத்த பகுதி, குழந்தையைச் சித்திரிப்பதுபோல் தோன்றும் எந்த உருவாக்கிய படமும் போதும் என்கிறது. சுவீடன் தீர்ப்பைத் தாங்கிய வாதம் முதல் பகுதியின் முன் நிற்கும், இரண்டாவதன் முன் நிற்பது கடினம். பெரிய கண்ணும் சின்ன மூக்குமாக முப்பது வயதுக்காரரையும் சிறுமிபோல் வரைவது மங்காவின் பாணி என்பதால், அந்த உருவத்தின் வயதைக் கதையில் சொன்னபடி கொள்வதா, கண்ணால் பார்த்துக் கணிப்பதா என்பதை நீதிபதிதான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.